ஒரு நாள் பொறுத்து அனுப்பலாமா

முதல் முறையாக ஸ்பிரிண்டுக்குப் போகிறவர்கள் என்னிடம் வந்து, எதைப் படித்துவிட்டுப் போக வேண்டும், நிரலின் எந்தப் பகுதியைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்கிறீர்கள். நான் சொல்லும் பதில் உங்களுக்குப் பிடிப்பதில்லை. வீட்டுக்குள் போடுகிற செருப்பும் தலையணை உறையும் கொண்டுபோங்கள். மற்றதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஜெர்மன்காரர்களின் விடுதியில் சப்பாத்தோடு உள்ளே நடந்தால், நீங்கள் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும் முதல் நாளே பெயர் கெட்டுவிடும்.

நான் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. இங்கே ஆஹென் நகரில் இந்த வேலைக்குப் புதிதாக வந்த நம் பிள்ளைகள் சிலர் அவ்வப்போது கூடிப் பேசுகிறீர்கள். "அக்கா, தமிழிலை எழுதித் தாங்கோ, எழுத்துக் கூட்டியாவது வாசிக்கிறம்" என்று கேட்டதும் நீங்கள்தான். ஆகவே நீளமாக இருக்கிறது என்று முகம் சுளிக்கக் கூடாது. கட்டளைகளையும் கோப்புகளின் பெயர்களையும் நான் எழுதப்போவதில்லை. அவை எல்லாம் மாறிவிட்டன. மாறாத ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்களுடையது நிலத்தடி நீரைக் கணக்கிடும் மென்பொருள். அது யாருக்கும் சொந்தமில்லை. யாரும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஓரிடத்தில் கிணறு தோண்டித் தண்ணீர் இறைத்தால் சுற்றுவட்டாரத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும், பக்கத்தில் ஓடுகிற ஆற்றிலிருந்து எவ்வளவு கசிந்து வரும் என்று அது சொல்லும். அதை எழுதியவர்கள் ஒரு சிலர்தான். ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு வருடம் முழுவதும் மின்னஞ்சலில் சண்டை பிடிப்போம். வருடத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில், ஐஃபல் மலைப்பக்கம் ஒரு விடுதியை எடுத்து, வியாழன் முதல் ஞாயிறு வரை ஒரே அறையில் இருந்து சேர்ந்து எழுதுவோம். அதற்குத்தான் ஸ்பிரிண்ட் என்று பெயர். ஓட்டப் பந்தயத்தின் பெயரை இதற்கு வைத்தவர் நாங்கள் கம்பளிச் சட்டையும் கோப்பிக் கோப்பையுமாக உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்திருக்கமாட்டார்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. விடுதியில் இருந்தது ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. அதன் வழியாகத்தான் இணையம். ஒருவர் பெரிய கோப்பை இறக்கினால் மற்றவர்கள் உருளைக்கிழங்கு உரிக்கப் போகலாம். சமையலும் பாத்திரம் கழுவுவதும் எங்கள் பொறுப்பு. யாருக்கு எப்போது முறை என்று கதவில் ஒட்டியிருக்கும். பேராசிரியரானாலும் தப்ப முடியாது.

இந்தத் திட்டத்தைத் தொடங்கியவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவருக்கே அது பிடிக்காது. ரைன் ஆற்றங்கரைப் பகுதியான ரைன்லாண்டில் நீர்ப்பொறியியல் வேலை பார்த்த மனிதர். நாங்கள் கேலியாக அவரை 'ஹெர் டொக்டர்', அதாவது டொக்டர் ஐயா, என்போம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, ஒரு சலவைச்சாலையில் வேலை செய்து, பிறகு ஆஹெனில் கணிதமும் நிரலெழுதுவதும் சேர்ந்த அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து, அவர் இருந்த நிறுவனத்தில் சேர்ந்தவள். என் ஜெர்மன் அப்போது தடுமாறும். அவரோ யாருடைய தடுமாற்றத்தையும் கவனிக்கிற ஆள் இல்லை. உங்கள் கணக்குத் தடுமாறினால் மட்டும் கவனிப்பார்.

ஸ்பிரிண்டில் அவர் வைத்த விதி ஒன்று இருந்தது. ஒரு பகுதியை எழுதியவர் அதைத் தானே பொது நிரலில் சேர்க்கக் கூடாது. அந்தப் பகுதி தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, வரிவரியாகச் சொல்லிக்கொடுத்து, அவர் கையால் தட்டவைக்க வேண்டும். எழுதியவர் விசைப்பலகையைத் தொடக் கூடாது. தட்டுபவர் "இந்த வரி ஏன்?" என்று கேட்டால் விளக்க வேண்டும். விளக்கம் இழுபட்டால் அந்த வரி வெளியே போகும். அவருடைய வரிகளையே நான் தட்டியிருக்கிறேன். அவர் பாய்ந்து விசைப்பலகையைப் பிடுங்காமல் இருப்பதற்காகத் தன் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிடுவார். என்னுடைய மந்தத்தைப் பார்த்து அவருடைய காது சிவக்கும். ஆனாலும் கை வெளியே வராது.

நல்ல விதி. பல பிழைகளை அது பிடித்தது. அது பிடிக்காமல் விட்ட ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கதை.

சுபா கோயம்புத்தூர்க்காரி. ஹனோவரில் முனைவர் பட்டம் முடித்து, அங்கேயே தற்காலிக ஒப்பந்தத்தில் ஆய்வாளராக இருந்தாள். எங்கள் திட்டத்துக்கு மின்னஞ்சல் வழியாக வந்து சேர்ந்து, இரண்டே வருடத்தில் முக்கியமான கைகளில் ஒருத்தியாகிவிட்டாள். அவளுடைய ஒப்பந்தம் அந்த வருட முடிவோடு தீர்ந்துபோக இருந்தது. அவளுடைய வதிவிட அனுமதி அந்த ஒப்பந்தத்தில் தொங்கியது. கணவனுடையது அவளுடையதில் தொங்கியது. மகள் அங்கே கிண்டர்கார்டன் போய்க்கொண்டிருந்தாள். பான் நகரில் ஒரு ஆய்வு நிலையத்தில் நிரந்தர வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள், நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்பிரிண்ட் முடிகிற ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை, அந்த நேர்முகம். விண்ணப்பத்தில் அவள் முதலில் எழுதியிருந்தது எங்கள் மென்பொருளைத்தான்.

ஆகவே எல்லோரும் ஒரு முடிவோடு வந்திருந்தோம். அவள் புதிதாக எழுதிய, ஆற்றுக் கசிவைக் கணக்கிடும் பகுதியை இந்த முறை சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புதிய பதிப்பை வெளியிடுவது. திங்கட்கிழமை அவள் அந்தக் கதவைத் திறக்கும்போது கையில் சுடச்சுட ஒரு பதிப்பு இருக்கும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த நான்கு நாளும் எல்லோரும் அவளுக்காகத்தான் உழைத்தோம். பதிப்பை வெளியிடும் பொறுப்பு என்னுடையது. பயனாளர்களுக்கு அறிவிப்பு அனுப்புவதும் நான்தான்.

சுபாவோடு ஜோடியாக உட்கார்ந்தவன் லூக்காஸ். நல்ல பையன், விளக்கம் கேட்பதில் சளைக்காதவன். அவள் வரிகளை அவன் விதிப்படியே தட்டினான். சனிக்கிழமை மாலைக்குள் பகுதி உள்ளே போய்விட்டது. அதன்பிறகு சோதனைகளை ஓடவிட்டார்கள். சோதனை என்பது இதுதான்: முன்பே விடை தெரிந்த கணக்குகள் பல இருக்கும். புதிய நிரல் அவற்றைப் போட்டுப் பார்க்கும். விடை பழைய விடையோடு பொருந்தினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. அன்றைக்கு வரிசையாகச் சிவப்பு வந்தது. திறந்து பார்த்தால், பெரும்பாலானவற்றில் கடைசித் தசம இடத்தில் மட்டும் வேறுபாடு. கணக்குப் போடும் வழி மாறினால் அப்படி வருவது வழக்கம். அந்த நேரத்தில் நாங்கள் எல்லோரும் செய்கிற ஒன்றை அவர்களும் செய்தார்கள். ஒரே கட்டளையில் பழைய விடைகளை அழித்து, புதிய நிரல் சொன்ன விடைகளையே சரியான விடைகளாகப் பதிந்துவிட்டார்கள். எல்லாம் பச்சையாகிவிட்டது. அறையில் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மின்னஞ்சலில் இது நடந்திருந்தால் யாராவது ஒருவர் கேட்டிருப்பார், எத்தனை விடையை மாற்றினாய், ஒவ்வொன்றையும் பார்த்தாயா என்று. மின்னஞ்சலில் நாங்கள் ஒருவரையொருவர் நம்புவதே இல்லை. ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே தொட்டியில் பாத்திரம் கழுவி, அவளுடைய மகளின் படத்தையும் பார்த்த பிறகு, அந்தக் கேள்வியைக் கேட்க வாய் வருவதில்லை. லூக்காஸ் சுபா பார்த்திருப்பாள் என்று நினைத்தான். சுபா லூக்காஸ் பார்த்தான் என்று நினைத்தாள். எங்கள் விதி வரிகளுக்குத்தான் இருந்தது. வரி எதுவும் தட்டாமல் ஒரே கட்டளையில் விடைத்தாள் முழுவதும் மாறுகிற இடத்துக்கு எங்களிடம் விதி இல்லை.

ஞாயிறு காலை, சாப்பாட்டுக்குப் பிறகு, வெளியீட்டுக்கு முன் என்னென்ன மாறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விடைகள் இவ்வளவு மாறியிருப்பதைக் கண்டேன். பழைய பதிப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கணக்கின் படத்தையும் வரையவிட்டேன். எண்ணைப் பார்க்காதீர்கள், படத்தைப் பாருங்கள் என்பேன் உங்களிடம், நினைவிருக்கட்டும். எல்லாப் படங்களும் ஒன்றுபோல் இருந்தன. ஒன்று மட்டும் இல்லை. வறண்ட நிலத்தில், ஆற்றுக்குப் பக்கத்தில் ஆழமாக இறைக்கும் கிணற்றுக் கணக்கு அது. யாரோ ஒரு பயனாளர் எப்போதோ அனுப்பியது. பழைய நிரலில் அங்கே நீர்மட்டம் கொஞ்சம்தான் இறங்கியது. புதிய நிரலில் பாதாளத்துக்குப் போனது.

அறையில் சொல்வதற்கு முன் சுபாவையும் லூக்காஸையும் தனியே கூப்பிட்டுக் காட்டினேன். இதை மட்டும் மறக்காதீர்கள்: பிழை எதுவானாலும் அதைச் செய்தவர் மற்றவர்களோடு சேர்ந்து தெரிந்துகொள்ளக் கூடாது, அவர்களுக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். லூக்காஸ் வாயைப் பொத்திக்கொண்டான். சுபா படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, இது என்னுடைய பகுதியில்தான் வந்திருக்கும் என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஹெர் டொக்டரைக் கூப்பிட்டோம். அவர் கணினியைத் தொடவில்லை. ஒரு தாளில் ஒரு ஆறு, கீழே மண், பக்கத்தில் ஒரு கிணறு என்று வரைந்து, பென்சிலால் கணக்குப் போட்டார். பழைய ஆற்றுக் கணக்கை எழுதியவர் அவர்தான். நாங்கள் சுற்றி நின்றோம். கொஞ்ச நேரத்தில் அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பென்சிலை மேசையில் வைத்தார். சுபாவுடையது சரி, பிழை என்னுடையது என்றார்.

விஷயம் எளிது. நிலத்தடி நீர் இறங்க இறங்க, ஆற்றிலிருந்து கசிவு கூடும். ஆனால் நீர்மட்டம் ஆற்றின் அடிமட்டத்தையும் விட்டு இன்னும் கீழே போய்விட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு இறங்கினாலும் கசிவு கூடாது. ஆறு தன்னால் முடிந்ததைத்தான் கொடுக்கும். ஹெர் டொக்டருடைய நிரலில் அந்த எல்லை இல்லை. ஆழம் கூடக்கூட ஆறு அள்ளி அள்ளிக் கொடுக்கும் என்று அது கணக்குப் போட்டது. அவர் வாழ்நாள் முழுவதும் பார்த்த ஆறுகள் ரைனும் அதன் கிளைகளும். அந்த ஆறுகளுக்குக் கீழே நீர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அப்படி இல்லாமல் போகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சுபா வளர்ந்த ஊரில் ஆற்றுக்குப் பக்கத்தில் போட்ட ஆழ்குழாயில் காற்றுத்தான் வரும். எல்லை இல்லாமல் ஒருவர் எழுதியிருப்பார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எழுதும்போதே அவள் எல்லையைப் போட்டுவிட்டாள், அதைப் பெரிய விஷயமாக யாரிடமும் சொல்லவுமில்லை.

ஆக, பல வருடங்களாக எங்கள் மென்பொருள், வறண்ட நிலங்களில், இருக்கிற தண்ணீரைவிட அதிகமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. யாரிடம் சொன்னது? அதுதான் எங்களுக்குத் தெரியாது. விற்கிற மென்பொருளுக்கு வாடிக்கையாளர் இருப்பார்கள், தொலைபேசியில் கூப்பிடலாம். எங்களுடையதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அந்த வாரம் எந்த ஊரில் யார் எந்தக் கிணற்றுக்கு அனுமதி எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அறையில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். புதிய பதிப்பு அன்று வெளியாகாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எல்லா விடைகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்காமல் எதையும் வெளியே விட முடியாது. அதற்கு வாரக்கணக்கில் வேலை இருந்தது. சுபாவும் தலையை ஆட்டினாள். மிச்சம் இருந்தது எச்சரிக்கை அறிவிப்பு. பழைய பதிப்பை ஆற்றுக் கணக்குக்கு நம்பாதீர்கள் என்று பயனாளர் எல்லோருக்கும் எழுத வேண்டும்.

அதை ஒரு நாள் பொறுத்து அனுப்பலாமா என்று கேட்டவர் ஹெர் டொக்டர்.

அவரிடமிருந்து அது வரும் என்று நான் நினைக்கவில்லை. பல வருடங்களாகப் பிழையாக இருந்த ஒன்று, இன்னும் ஒரே ஒரு நாள். நாளை அவளுடைய நேர்முகம் முடிந்ததும் அனுப்பு. என் பிழைக்கு அவள் விலை கொடுக்கக் கூடாது. அவர் சொன்னது அவ்வளவுதான். பானில் நேர்முகம் நடத்துகிறவர்களில் ஒருவராவது எங்கள் அறிவிப்புகளைப் படிப்பவர் என்று எல்லோருக்கும் தெரியும். லூக்காஸ் உடனே ஒத்துக்கொண்டான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நல்ல மனிதர்கள், நல்ல மனதோடுதான் தலையாட்டினார்கள். எனக்கும் ஆட்டத்தான் ஆசையாக இருந்தது. சுபா என்னைப் பார்த்தாள். கொஞ்சம் யோசிக்க வேண்டும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் பாத்திரம் கழுவும் முறை எனக்கும் சுபாவுக்கும். சூப்புச் சட்டியில் அடிப்பிடித்திருந்தது. நான் தேய்த்தேன், அவள் துடைத்தாள். அவள்தான் முதலில் பேசினாள்.

"நான் கெஞ்சமாட்டேன் அக்கா. ஆனா ஒரு விஷயம் சொல்லிடறேன். டிசம்பர்ல கான்ட்ராக்ட் முடிஞ்சா நாங்க கிளம்பணும். பாப்பா இப்பத்தான் ஜெர்மன்ல கனவு காணறா. தூக்கத்துல ஜெர்மன்ல பேசறா. ஒரே ஒரு நாள்தான்."

பழி உம்மேல் வராதபடி எழுதுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். பழைய பிழையைக் கண்டுபிடித்தது சுபாவின் புதிய பகுதிதான் என்று எழுதினால், அது அவளுக்கு நல்லதுதானே என்றேன். அவள் துடைத்த தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் கண்டுபிடிக்கல அக்கா. நான் அழிச்சேன். பழைய விடையை அழிச்சது நான்தான். நீங்க பாத்திருக்கலைன்னா அது அப்படியே போயிருக்கும். எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

அந்தப் பதிலில் எனக்கு அவள்மேல் இருந்த மரியாதை இன்னும் கூடியது. கூடவே என் வேலை இன்னும் கஷ்டமாகிவிட்டது. பொய் சொல்லத் தெரியாதவளை நாளைக்கு எங்கே அனுப்பப்போகிறோம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"சுபா, நாளைக்கு நீர் உள்ளுக்குப் போகேக்கை ஒருத்தர் கேப்பார், இந்த மென்பொருளை நம்பலாமோ எண்டு. கட்டாயம் கேப்பினம். இண்டைக்கு நான் அனுப்பினால், எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு உண்மையோடை நீர் போறீர். அனுப்பாட்டில், எங்கடை ஆக்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு ரகசியத்தை உம்மடை பொக்கற்றுக்குள்ளை வைச்சு அனுப்பிறம். நாங்கள் இஞ்சை வீட்டிலை இருப்பம். அதை மறைக்கவேண்டிய ஆள் நீர் மட்டும்தான். என்னாலை அது ஏலாது."

அவள் ஏற்கெனவே காய்ந்த தட்டையே துடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்தது. தெரியாத கிணறுகளைப் பற்றியும் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சட்டியைக் கவிழ்த்து வைத்தேன்.

"அனுப்புங்க," என்றாள் கடைசியில். "ஆனா நான் சரின்னு சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் சரின்னு சொல்லல."

அவள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். அறைக்குப் போய், இன்றைக்கே அனுப்புகிறேன், இது என் முடிவு, சுபாவின் சம்மதத்தோடு அல்ல என்று சொன்னேன். ஹெர் டொக்டர் எதிர்க்கவில்லை. பிழை தன்னுடையது என்று அறிவிப்பில் தன் பெயரோடு எழுதச் சொன்னார். விடைகளைப் பார்க்காமல் மாற்றிவிட்டோம் என்பதையும் எழுதினேன், அதற்கு எல்லோருடைய பெயரையும் போட்டேன். நாங்கள் எல்லோரும்தானே கைதட்டினோம். அந்தத் தொலைபேசி இணைப்பில் அது போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். வெளியீட்டைக் கொண்டாட ஒருவர் செய்து வைத்திருந்த பிளம்ஸ் கேக்கை வெட்டி, ஆளுக்கொரு துண்டைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு கலைந்தோம்.

ரயிலில் நான் அழுதேன். செய்தது சரி என்று தெரிந்தும் அழுதேன். எதிரே இருந்த மனிதர் பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். நல்ல வளர்ப்பு.

திங்கட்கிழமை என்ன நடந்தது என்று சுபாவே பிறகு சொன்னாள். அந்தக் கேள்வி வந்திருக்கிறது. ஒருவர் அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அவள் எழுந்துபோய்ப் பலகையில் ஆற்றையும் கிணற்றையும் வரைந்து, எல்லையை விளக்கி, விடைகளை அழித்ததையும் சொல்லியிருக்கிறாள். அவர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள், கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். அதிலேயே நேரம் போய்விட்டது. அடுத்த ஐந்து வருடத்துக்கு அவள் தயாரித்துக்கொண்டு போன ஆய்வுத் திட்டத்தைப் பற்றிப் பேச நேரம் இருக்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போனது. காரணம் என்ன என்று அவர்கள் எழுதவில்லை. இந்த நாட்டில் அப்படி எழுதுவதில்லை.

இங்கே உங்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொன்னால் நல்லதே நடக்கும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்து இதுவரை வாசித்திருந்தால், வேறு யாரிடமாவது கேளுங்கள். அறிவிப்புக்குச் சில பதில்கள் வந்தன. ஒருவர் தன் வேலை முழுவதும் வீணாகிவிட்டது என்று திட்டி எழுதினார். இன்னொருவர் சுருக்கமாக நன்றி என்று எழுதினார், எதற்கு என்று சொல்லவில்லை. அந்த ஒரு நாளில் யாராவது ஒரு கிணற்றை நிறுத்தினார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல்தான் முடிவு எடுத்தேன். இந்த வேலையில் நீங்களும் அப்படித்தான் எடுக்கப்போகிறீர்கள். கிணற்றடியில் நிற்பவரை நீங்கள் காணப்போவதில்லை. பக்கத்தில் கண் கலங்கி நிற்பவரைக் காண்பீர்கள். கண்ணுக்குத் தெரிகிறவருக்காக மனம் இறங்கும், இறங்க வேண்டும். ஆனால் முடிவெடுக்கும்போது தெரியாத அந்த மனிதரையும் மேசையில் ஒரு கதிரை போட்டு உட்கார வையுங்கள்.

ஹெர் டொக்டர் குளிர்காலம் முழுவதும் இருந்து, அழிந்த விடைகளை ஒவ்வொன்றாகக் கையால் சரிபார்த்தார். விடையை மாற்றும் கட்டளையை நிரலிலிருந்தே எடுத்துவிட்டோம். இனி ஒரு விடையை மாற்ற வேண்டுமானால் அதை ஒருவர் கையால் தட்ட வேண்டும், பக்கத்தில் இருப்பவர் ஏன் என்று கேட்க வேண்டும். நீங்கள் இன்று அலுத்துக்கொள்கிற அந்த நடைமுறை அப்படி வந்ததுதான்.

சுபாவின் குடும்பம் வருட முடிவில் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. பெட்டி கட்ட உதவிக்கு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் அக்கா என்றாள். அதன்பிறகு திட்டத்துக்கு அவள் எழுதிய மின்னஞ்சல்கள் எல்லாம் நிரலைப் பற்றியவை. எனக்கென்று தனியாக ஒன்றும் வரவில்லை. அவளுக்கு அங்கே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது என்பதை லூக்காஸ் சொல்லித்தான் அறிந்தேன்.

இரண்டு இலையுதிர் காலங்கள் கழிந்து, ஒரு சனிக்கிழமை தொலைபேசி அடித்தது. எடுத்தால் சுபா. கல்லூரி பயணத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கிறது, இந்த வருட ஸ்பிரிண்டுக்கு வருகிறேன் என்றாள். மகள் எப்படி என்று கேட்டேன். தமிழில் கனவு காண்கிறாள் என்றாள். பிறகு நான்தான் கேட்டேன், என்மேல் கோபம் போய்விட்டதா என்று.

"இல்லக்கா, போகல," என்றாள். நிதானமாகத்தான் சொன்னாள். "அந்த ஒரு நாள் குடுத்திருந்தா இப்ப நாங்க பான்ல இருந்திருப்போமோன்னு அப்பப்பத் தோணும். தோணறப்பல்லாம் உங்கமேல கோபம் வரும். அன்னைக்கு இன்டர்வியூ ரூம்ல ஒருத்தர் அந்தக் கேள்வியக் கேட்டார்ல, அப்ப நான் நிமிந்து பாத்து பதில் சொன்னேன். அதுவும் ஞாபகம் வரும். ரெண்டும் சேந்துதான் வருது. நான் என்ன பண்ணட்டும்?"

எந்த விமானம், எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டேன். பிராங்க்ஃபர்ட்டுக்கு நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். குளிரும், தடித்த சட்டை கொண்டு வாரும் என்றேன். சரிக்கா என்றாள்.